அதார் மாதப் பாட்டு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நுவரெலியாக்காரி
ஜெருசலேமில் ஒரு வீட்டில் தொண்ணூறு வயது அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். மறதி நோய். பேச்சும் நின்றுவிட்டது. 2023 பிப்ரவரி கடைசி, அதார் என்ற யூத மாதம் பிறந்து நாலைந்து நாள்தான். பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று போனில் 'மிஷெநிக்னஸ் அதார்' (அதார் வந்தால் மகிழ்ச்சி பெருகும்) பாட்டைச் சத்தமாகப் போட்டான். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். சவ்தா என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தட்டின் ஓரத்தில் டக் டக்கென்று தாளம் போட ஆரம்பித்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை. என் சட்டையெல்லாம் கஞ்சி. உதடு சத்தமில்லாமல் பாட்டோடு அசைந்தது. பாட்டு முடிந்ததும் கரண்டியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, வாயைத் திறந்து காத்திருந்தார்.

மார்ச் 8, எஸ்தர் கதையைக் கொண்டாடும் யூதப் பண்டிகையான பூரீம் வரை தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டுதான். அப்புறம் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது.

ஹைஃபா ஆய்வகம்
அக்கா, அந்த வருடம் பூரீம் மார்ச் 7. நான் ஹைஃபாவில்தான் இருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. நாகர்கோவிலில் ஞாயிறு பள்ளியில் எஸ்தர் புத்தகத்தைக் கைகட்டி உட்கார்ந்து படித்தவன் நான். இங்கே ஜெப ஆலயத்தில் அதையே சுருளிலிருந்து வாசிக்கிறார்கள். யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமான் பெயர் வந்ததும் கூட்டமே காலால் தரையை உதைக்கிறது, கிலுகிலுப்பையைச் சுற்றுகிறது. நான் மட்டும் சும்மா நின்றேன். சிங்க வேஷம் போட்ட ஒரு சின்னப்பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். தன் கிலுகிலுப்பையை என் கையில் திணித்துவிட்டு, அவள் காலால் உதைக்கத் தொடங்கினாள்.

முறுக்கு சுட்டவள்
இரண்டு பேர் சொன்னதும் சரிதான், சண்டை வேண்டாம். மற்ற ஊர்களில் அதார் 14, ஜெருசலேமில் 15. யோசுவா காலத்திலேயே மதில் இருந்த ஊர் என்பதால் அங்கே ஒரு நாள் தள்ளி. தம்பி, அக்காவைத் திருத்தும் முன் அவர் எந்த ஊர் என்று பார்த்திருக்கலாம்.

என் கதை சின்னது. பூரீம் அன்று தெரிந்தவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பது அவர்கள் கடமை. நானும் எதிர்வீட்டு அம்மாவுக்கு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்தும் டப்பா அவர் வீட்டு அலமாரியில் மூடி திறக்காமல் இருந்தது.

அதனால் சொல்கிறேன். ஆசாரமான வீட்டுக்கு நம் அடுக்களையில் சுட்டதைக் கொண்டுபோகாதீர்கள். கோஷர் (யூத உணவு விதிப்படி செய்தது) முத்திரை போட்ட, பிரிக்காத பொட்டலமாக வாங்குங்கள். அப்படியே சாப்பிடக்கூடிய இரண்டு வகையாவது வேண்டும், பழமும் பிஸ்கட்டும் போதும். பகலில் கொடுங்கள், இரவில் கொடுத்தால் கணக்கில் வராது. விமான டிக்கெட் போடும் முன் நாட்காட்டியையும் பாருங்கள். சில வருடங்களில் இரண்டு அதார் வரும், 2024இல் வந்தது, 2027இலும் வரும். பண்டிகை இரண்டாவதில்தான். வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் பட்டாசுத் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாலேயே ஜன்னலைச் சாத்திவிடுங்கள். பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள் அக்கா, எந்த மாதமானாலும் போடுங்கள்.