சுட்டபின் காத்திருந்த அரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை

இரவு 7.40
நான்: அனைவருக்கும் வணக்கம். நாளை அதிகாலையில் முதல் முறையாகத் தனியாக மான் வேட்டைக்குச் செல்கிறேன். கடந்த இரண்டு பருவங்களிலும் மாமாவின் பின்னால் நடந்துதான் பழகினேன். எங்கே உட்காருவது, எப்போது சுடுவது, எதைச் சுடாமல் விடுவது என்பதையெல்லாம் நாளை நான் ஒருவனே தீர்மானிக்க வேண்டும். உரிமமும், இந்தப் பருவத்தில் சுடும் ஒரு மானின்மேல் கட்ட வேண்டிய அடையாள வில்லையும் கையில் இருக்கின்றன. எதையாவது மறந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரவு 7.46
அம்மா: தனியாகத்தான் போக வேண்டுமா கண்ணா? மாமாவின் முழங்கால் சரியாகும்வரை பொறுத்திருக்கலாமே.

இரவு 7.58
மாமா: தங்கச்சி, என் முழங்காலுக்காக அவன் காத்திருக்க வேண்டாம். போன பருவத்திலேயே அவன் என்னைவிட நிதானமாக இருந்தான். மாப்பிள்ளை, வண்டியை எங்கே நிறுத்துகிறாய், எந்தப் பாதையில் ஏறுகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை இங்கேயே எழுதி வை. இருட்டிய பிறகு இரண்டு மணி நேரம் வரையில் உன்னிடமிருந்து செய்தி வராவிட்டால், நாங்கள் மீட்புக் குழுவை அழைத்துவிடுவோம். விசிலை முதுகுப்பையில் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள். இடைவெளி விட்டு மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று எங்கும் புரிந்துகொள்வார்கள்.

இரவு 8.10
நான்: வடக்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓடையை ஒட்டி ஏறி, முகட்டுக்குக் கீழே உள்ள பெரிய பாறையருகே உட்காருவேன். மாலை 5 மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுவேன்.

இரவு 8.13
அம்மா: அந்த இடத்தில் செல்பேசிச் சிக்னல் கிடைக்குமா?

இரவு 8.15
நான்: பாறையருகே கிடைக்காது அம்மா. முகட்டின் மேல் கிடைக்கும்.

இரவு 8.16
அம்மா: அப்படியானால் முகட்டின் மேலேயே உட்கார்ந்துகொள். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

இரவு 8.17
நான்: சரி அம்மா. முகட்டிலேயே இருக்கிறேன்.

இரவு 8.31
அக்கா: தம்பி, மருத்துவராகச் சில வார்த்தைகள். ஒரு ரைஃபிளின் ஓசை 140 டெசிபலைத் தாண்டும், ஒரே ஒரு வேட்டுக்கூட செவியை நிரந்தரமாகப் பாதிக்கலாம். ஆகவே மானைக் கண்ட பரபரப்பில் காதடைப்பானை மறந்துவிடாதே. கையுறைகளை இரண்டு இணைகளாக எடுத்துக்கொள். குளிரில் விறைத்த கையால் கத்தியைப் பிடித்தால் எளிதில் காயம் ஏற்படும். குருதியை நிறுத்தும் இறுக்குப்பட்டை உன் பையின் மேலறையில் இருக்கட்டும், ஒரே கையால் எடுக்கும்படி.

இரவு 9.05
பெரியம்மா: ஓர் உயிரைக் கொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ராசா, நீ முடிவெடுத்துவிட்டாய், நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அரைகுறையாக அடித்துவிட்டு, அது எங்கோ புதருக்குள் கிடந்து துடிக்கும்படி விட்டுவிடாதே.

இரவு 9.28
நான்: பெரியம்மா, எனக்கும் உள்ளூர அதே பயம்தான். அதனால் சில எல்லைகளை எனக்கு நானே வகுத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து, துப்பாக்கியை இருகால் தாங்கியில் வைத்துச் சுட்டால், 100 மீட்டரில் பத்துக்குப் பத்தையும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள வட்டத்துக்குள் என்னால் வைக்க முடிகிறது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நின்றுகொண்டு சுட்டால் என்னால் அது முடிவதில்லை, ஆகவே நாளை நின்றுகொண்டு சுட மாட்டேன். 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானையும், ஓடும் மானையும், பின்னால் தோட்டாவைத் தடுக்கும் மண்மேடு இல்லாமல் வானம் மட்டும் தெரியும்படி முகட்டில் நிற்கும் மானையும் சுட மாட்டேன். வெறுங்கையோடு திரும்பினால் அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இரவு 9.33
பெரியம்மா: சரி ராசா. நன்றாகத் தூங்கு.

சனிக்கிழமை

காலை 7.18
நான்: முகட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. சற்றுமுன் கீழே 60 மீட்டரில் ஒரு பெண்மான் வந்தது. நான் அசையவில்லை, ஓசை எழுப்பவும் இல்லை. ஆனாலும் அது திடீரென்று தலையைத் தூக்கி, முன்னங்காலால் தரையை இருமுறை ஓங்கி மிதித்து, மூக்கால் பலமாகச் சீறிவிட்டு ஓடிவிட்டது. என்னை எப்படிக் கண்டுகொண்டது என்று விளங்கவில்லை. ஒருவேளை இந்த ஆரஞ்சு மேலாடை காட்டிக்கொடுத்துவிட்டதா?

காலை 7.26
மாமா: மேலாடை இல்லை மாப்பிள்ளை. மனிதக் கண்ணில் இருப்பதுபோல் சிவப்பை உணரும் கூம்பு செல் மானின் கண்ணில் இல்லை, அதற்கு ஆரஞ்சு மங்கலான நிறம்தான். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியவே அதை அணிகிறோம், எக்காரணம் கொண்டும் கழற்றாதே. உன்னைக் காட்டிக்கொடுத்தது உன் வாசனை. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் ஓடைநீர்போலச் சரிவில் கீழே இறங்கும். நீ மேலே உட்கார்ந்திருக்கும்போது உன் வாசனை முழுவதும் அதன் மூக்கிற்கே போய்ச் சேர்ந்திருக்கும். பாறையருகே உட்காரச் சொன்னதே அதற்காகத்தான். நேற்று நீ முகட்டுக்கு மாறியபோது நான் இதை யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

காலை 7.29
அம்மா: அப்படியானால் நான் கேட்டுக்கொண்டதால்தான் இப்படி ஆகிவிட்டது. கண்ணா, நீ பாறைக்கே இறங்கிப் போ, நான் பொறுத்துக்கொள்கிறேன்.

காலை 7.34
மாமா: இப்போது இறங்க வேண்டாம். வெயில் சரிவில் நன்றாக விழுந்ததும் தரை சூடாகி, காற்று மேல்நோக்கித் திரும்பும். அப்போது மேலே இருப்பவனுக்குத்தான் அனுகூலம். பவுடர் புட்டியை அவ்வப்போது லேசாக அமுக்கிப் பார். பவுடர் உன் முகத்தை நோக்கி வந்தால் உன் நேரம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

காலை 8.57
நான்: பவுடர் இப்போது முகத்துக்கு வருகிறது.

காலை 9.49
நான்: சுட்டுவிட்டேன். 9.44-க்கு, 80 மீட்டரில், ஓர் இளம் ஆண்மான். அது கீழே உள்ள புதர்க்காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டது. காதடைப்பான் போட்டிருந்ததால் விழுந்த ஓசை எதையும் நான் கேட்கவில்லை. கை நடுங்குகிறது. இறங்கிப் பார்க்கட்டுமா?

காலை 9.50
மாமா: ஓர் அடிகூட நகராதே. அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டாயா? பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டாயா?

காலை 9.51
நான்: இரண்டையும் செய்துவிட்டேன்.

காலை 9.52
மாமா: நல்லது. சுடும்போது அது எங்கே நின்றது, கடைசியாக எங்கே மறைந்தது என்று இரண்டு இடங்களையும் மனத்தில் குறித்துக்கொள். கீழே இறங்கியதும் எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் தெரியும். தோட்டா பட்டதும் அது என்ன செய்தது?

காலை 9.55
நான்: நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. மறைந்த இடத்தில் இரண்டாகப் பிளந்த மரம் நிற்கிறது. தோட்டா பட்டதும் பின்னங்கால்களை உதைத்து ஒரு துள்ளு துள்ளி, பிறகு உடலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக ஓடியது. ஆனால் மாமா, விசையை அழுத்திய அதே கணத்தில் அது ஓரடி முன்னால் எடுத்து வைத்ததோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான் குறி வைத்தேன். அது நகர்ந்திருந்தால் தோட்டா வயிற்றில் பட்டிருக்கும்.

காலை 9.59
மாமா: துள்ளியது நல்ல அடையாளம். வயிற்றில் பட்ட மான் பெரும்பாலும் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நகரும். ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, தரைதான் சொல்லும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார். அடிபட்ட மானைத் துரத்தாமல் விட்டால் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினாலோ எஞ்சியிருக்கும் பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு தொலைதூரம் ஓடி, நாம் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் போய்ச் சாகும்.

காலை 10.04
பெரியம்மா: அரை மணி நேரம் அது உயிரோடு கிடந்தால் என்ன செய்வது தம்பி? அதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டுமா?

காலை 10.08
மாமா: அக்கா, தோட்டா நுரையீரலில் பட்டிருந்தால் அது இந்நேரம் உயிரோடு இருக்காது. வேறு இடத்தில் பட்டிருந்தால், அவன் இப்போது போய் அதைக் கிளப்பிவிடுவதுதான் அதற்குப் பெரிய துன்பம். இந்தக் காத்திருப்பு அந்த மானுக்காகத்தான். மாப்பிள்ளை, 10.15-க்கு இறங்கலாம். வெள்ளைக் கல்லருகே முதலில் குனிந்து பார். குருதி இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் தோட்டா பட்டது நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம், அப்படியானால் இன்னும் சில மணி நேரம் பொறு. பச்சை நிறமும் சாண வாடையும் இருந்தால் ஓசையில்லாமல் பின்வாங்கி மேலே வந்துவிடு, குறைந்தது ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும்.

காலை 10.16
நான்: இறங்குகிறேன். கீழே சிக்னல் இருக்காது.

காலை 10.52
அம்மா: ஒரு செய்தியும் வரவில்லையே.

காலை 10.55
அக்கா: அம்மா, தடம் பார்ப்பது ஒவ்வோர் அடியாக நகரும் வேலை. நேரமாகத்தான் செய்யும். மாமா சொன்னபடிதான் செய்துகொண்டிருப்பான்.

காலை 11.31
அம்மா: அண்ணா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காலை 11.33
மாமா: கலங்காதே தங்கச்சி. கிடைத்திருந்தால் வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டிருப்பான், அதற்கே புதியவனுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

மதியம் 12.20
நான்: மான் கிடைத்துவிட்டது. அதைச் சுத்தம் செய்து, நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, உங்களுக்குச் சொல்வதற்காக மேலே ஏறி வந்திருக்கிறேன்.

வெள்ளைக் கல்லருகே முதலில் மயிர்க்கற்றை மட்டுமே கிடந்தது. குருதி எதுவும் இல்லாததைக் கண்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. நான்கு அடி தள்ளி, ஒரு காய்ந்த இலையின்மேல் என் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துளி இருந்தது. குனிந்து பார்த்தபோது இளஞ்சிவப்பாக, அதற்குள் ஊசிமுனை அளவில் ஏழெட்டுக் குமிழிகள் உடையாமல் நின்றன. அந்தக் குமிழிகளைப் பார்த்தபின்தான் மூச்சே வந்தது. பிளந்த மரம் வரையில் தடம் நன்றாகத் தெரிந்தது, பிறகு அறவே நின்றுவிட்டது. கடைசித் துளியின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துவிட்டு, அதை மையமாகக் கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினேன். இருபது நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் பிழை. குருதி தரையில் இல்லை, என் இடுப்பளவு உயரத்தில், அது உரசிக்கொண்டு போன இலைகளின் பக்கவாட்டில் இருந்தது. அங்கிருந்து பதினைந்து அடியில் மான் கிடந்தது. வெள்ளைக் கல்லிலிருந்து எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 70 அடி எடுத்து வைத்திருக்கிறேன்.

முதுகுப்புறமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டேன். இமைக்கவில்லை. அதன்பிறகு துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, அதன் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் கை வைத்தபோது இன்னும் சூடு இருந்தது. இருவர் போகும்போது உடனே ஏதாவது பேசிவிடுவோம். இன்று பேசுவதற்கு யாரும் இல்லை. அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மதியம் 12.27
பெரியம்மா: துடித்ததா ராசா? உள்ளதைச் சொல்.

மதியம் 12.33
நான்: நான் கண்ணால் பார்க்கவில்லை பெரியம்மா, தரையைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கால்களால் உதைத்திருந்தால் சருகு கிளறப்பட்டு ஈரமண் வெளியே தெரிந்திருக்கும். அங்கே சருகு அப்படியே இருந்தது. ஓடிக்கொண்டிருந்தபடியே முன்னால் சரிந்து விழுந்திருக்கிறது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது தோட்டா இரண்டு நுரையீரல்களையும் துளைத்திருந்தது. ஓடிய தூரத்தைப் பார்த்தால் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும். அந்தச் சில விநாடிகள் அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

மதியம் 12.36
பெரியம்மா: மறைக்காமல் சொன்னாயே, அது போதும். சுமந்து வரும்போது பார்த்து நட.

மதியம் 12.39
மாமா: நன்றாகச் செய்திருக்கிறாய் மாப்பிள்ளை. தரையில் மட்டுமல்லாமல் இலைகளிலும் தேட வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்லவே இல்லை, நீயாகக் கண்டுகொண்டாய். இரைப்பையும் சிறுநீர்ப்பையும் கிழியாமல் வந்ததா? வில்லையைக் கட்டிவிட்டாயா?

மதியம் 12.42
நான்: கண்ணைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்ததும் முதல் வேலையாக வில்லையைக் கட்டினேன். கத்தியின் வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, இரண்டு விரல்களால் தோலைத் தூக்கியபடியே அறுத்ததால் இரைப்பை கிழியவில்லை. மூச்சுக்குழாயை மேலே எட்டும்வரை கைவிட்டு அறுத்து இழுத்தபோது உள்ளுறுப்புகள் மொத்தமாக வந்துவிட்டன. கையுறையோடு என்பதால் பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மதியம் 12.48
அக்கா: கையில் வெட்டு எதுவும் இல்லையே? காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாகவே அரிந்து எறிந்துவிடு. ஈயத் தோட்டா என்றால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் துளையிலிருந்து வெகுதூரம் சிதறியிருக்கும். மார்புக்கூட்டைத் திறந்து வைத்துச் சூடு வெளியேற விடு. வீட்டுக்கு வந்ததும் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர வைத்துவிட வேண்டும்.

மதியம் 12.52
நான்: வெட்டு இல்லை அக்கா. நான் பயன்படுத்துவது செப்புத் தோட்டா. ஆனாலும் காயத்தைச் சுற்றி அரிந்துவிடுகிறேன்.

மதியம் 12.55
மாமா: முழு மானையும் ஒரே தடவையில் இழுத்து வர முயலாதே. தொடைகளையும் தோள்களையும் பிரித்துத் துணிப்பைகளில் போட்டு, இரண்டு நடையாகச் சுமந்து வா. சுமக்கும்போது பைகளுக்கு மேல் ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிடு. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு உன் தோளில் அசைவது மானின் உடலாகவே தெரியும்.

மாலை 4.36
நான்: இரண்டாவது நடையும் முடிந்து வண்டிக்கு வந்துவிட்டேன். துப்பாக்கி வெறுமையாக உறைக்குள் இருக்கிறது. கடைசித் துளியின்மேல் வைத்திருந்த காகிதத்தையும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டேன். மானைக் கணக்கில் பதிவு செய்துவிட்டு இப்போதே கிளம்புகிறேன்.

மாலை 4.37
அம்மா: வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறேன். மெதுவாக ஓட்டி வா.