வார்டில் நிற்காமல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா?

சுங்கை சிப்புட் மகள்:
வணக்கம். தாதிமைப் பட்டப்படிப்பில் இறுதியாண்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் சித்தி, "பதிவுத் தேர்வை எழுதிவிட்டு நேராக நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைக்கு வா, வார்டில் ஆண்டுகளைத் தொலைக்காதே" என்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவோ, "முதலில் ஆஸ்பத்திரியில் நின்று கற்றுக்கொள்" என்கிறார். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் தாதியே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் பொறுப்பு அல்லவா? யார் சொல்வதைக் கேட்பது?

ஈப்போ தாதி:
அப்பா சொல்வதைக் கேள், தங்கச்சி. டெங்கியையே எடுத்துக்கொள். சில நாள்களில் காய்ச்சல் இறங்கும், பிள்ளை எழுந்து கஞ்சி கேட்கும், வீட்டார் அழைத்துப்போக அவசரப்படுவார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. மேல் இரத்த அழுத்தம் சரியாகவே இருக்கும். கீழ் அழுத்தம் மட்டும் மேலே ஏறி, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி 20க்கு வந்துவிடும். கை கால் சில்லிடும். எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் லேசானதன்று. தோட்டத் தொழிலாளி கெண்டைக்கால் வலி என்பார், கண் சிவந்திருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பினால் சிறுநீரகமே பழுதாகலாம். பாடத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. தொட்டவுடன் சந்தேகம் வருவது இரவு ஷிப்டுகளில்தான் பழகும்.

கிளினிக் பக்கம்:
அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. வார்டில் நாம் பழகுவது உத்தரவைப் பிசகாமல் நிறைவேற்ற. பிராக்டிஷனர் அந்த உத்தரவை எழுதுகிறவர். நீரிழிவுக்காரருக்கு மருந்தைக் கூட்டுவதா மாற்றுவதா என்பதை எந்த அறுவைசிகிச்சை வார்டு கற்றுத்தரும்? 2005இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், தாதியாக இருந்த ஆண்டுகள் கூடியதால் பிராக்டிஷனரின் திறன் கூடியதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு என்று வார்டுக்குப் போன பெண்கள் வீட்டுக்கடன், பிள்ளை என்று அங்கேயே தங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து படித்து வந்த பெண்ணுக்கு இது சின்ன இழப்பா?

ஈப்போ தாதி:
சிறிய ஆய்வு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், தம்பி. அமெரிக்காவில் 2022 முதல் படிப்புக்குள் கேட்கும் நேரடி நோயாளிப் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம். வாரம் 40 மணி என்றால் ஐந்து மாதம்கூட ஆகாது. ஆஸ்திரேலியாவில் உயர்நிலைத் தாதிப் பணியில் மட்டும் 5,000 மணி நேரம் கேட்கிறார்கள். 1965இல் கொலராடோவில் ஹென்றி சில்வருடன் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கிய லொரெட்டா ஃபோர்டு, அதற்கு முன்பே பொதுச் சுகாதாரத் தாதியாக வேலை செய்தவர்.

டிரசர் பேரன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா காலத்தில் தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் டிரசர் எனும் தோட்டத்து மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். லயத்து (தோட்டக் குடியிருப்பு) மக்களுக்கு வேறு ஆளைத் தேடிப் போக வழியில்லை. மருத்துவர் கிடைக்காத ஊர்களில்தான் பிராக்டிஷனரும் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும். தங்கை அங்கே போய் நிற்கும்போது கைக்குப் பழக்கம் இருக்கட்டும்.

கிளினிக் பக்கம்:
அப்படியானால் எந்த வேலை என்பதையாவது சரியாகச் சொல்லுங்கள். குடும்ப மருத்துவப் பிரிவில் சேரப்போகிறவர் அறுவை அரங்கில் காலம் கழிப்பதில் பயனில்லை. அரசு சுகாதார கிளினிக்கும் அனுபவம்தான்.

ஈப்போ தாதி:
அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கிளினிக் மட்டும் போதாது. முதல் ஆண்டு மெடிக்கல் வார்டு, பிறகு கிளினிக். தங்கச்சி, கையெழுத்துப் போடுமுன் பாண்டு, அதாவது கட்டாயப் பணி ஒப்பந்தம், எத்தனை ஆண்டு என்று கேட்டுக்கொள்.

சுங்கை சிப்புட் மகள்:
பாண்டு இல்லை அக்கா, பிடிபிடிஎன் எனும் மலேசிய அரசு உயர்கல்விக் கடன் மட்டும்தான். மெடிக்கல் வார்டுக்கே விண்ணப்பிக்கிறேன். சித்தியிடம் இன்றிரவு பேசிவிடுகிறேன்.