ஷாங் குறி எலும்புகளில் விரிசல் ஒரே மாதிரி விழுந்தது எப்படி?

கேள்வி (நெய்தல்):
சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த, ஷாங் அரச மரபின் காலத்தில் குறி கேட்கப் பயன்பட்ட எலும்புகளின் படங்களில், விரிசல்கள் எல்லாமே ஒரு நெட்டுக்கோடும் அதன் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளையுமாகவே இருக்கின்றன. தீயில் போட்ட எலும்பு கண்டபடி அல்லவா வெடிக்கும்?

தாழி:
தீயில் போடுவதில்லை. விரிசலின் வடிவம் பின்பக்கக் குழியிலேயே முடிவாகிவிடும்.

மாட்டின் தோள்பட்டை எலும்பானால், நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டை அறுத்தெடுத்துத் தேய்த்துத் தட்டையாக்குவார்கள். ஆமையின் வயிற்றுப்புற ஓடானால், மேலோட்டோடு சேரும் பக்கங்களை அறுத்து விளிம்பைச் சீராக்குவார்கள். பிறகு பின்பக்கத்தில் நெடுக்காக ஒரு நீள்குழி, அதை ஒட்டி ஒரு வட்டக்குழி. இரண்டும் மறுபக்கம் ஊடுருவக் கூடாது. வட்டக்குழியில் சூடு வைத்தால், முன்பக்கத்தில் நீள்குழியின் போக்கில் நெட்டு விரிசலும், வட்டக்குழி இருக்கும் பக்கம் கிளையும் விழும். குறி கேட்பதைச் சொல்லும் 'பு' என்ற சீன எழுத்து இந்த விரிசலின் படமேதான்!

ஆமை ஓட்டில் வட்டக்குழிகளை நடுக்கோட்டுப் பக்கமாகவே வெட்டியிருப்பார்கள். அதனால் இரு பாதியின் கிளைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.

உளிமுனை:
தாழி சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். குழியின் அடித்தகடு தடித்திருந்தால் சூடு பரவி வீணாகும், விரிசல் விழாது. மிக மெலிந்தால் கருகி ஓட்டையாகிவிடும். பச்சை எலும்பும் உதவாது. ஈரமும் கொழுப்பும் சூட்டை வாங்கிக்கொள்ளும், எலும்பு புகையும், அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த எலும்பில், ஒரே புள்ளியில் கடும் சூடு வைக்க வேண்டும்.

நெய்தல்:
நன்றி. அப்படியானால் எழுத்தை எப்போது பொறித்தார்கள்?

தாழி:
பெரும்பாலும் விரிசல் விழுந்த பிறகுதான். முழுமையான பொறிப்பில் நாளும் குறி கேட்டவர் பெயரும், கேள்வி, அரசரின் கணிப்பு, நடந்தது என நான்கு பகுதி வரும். அரசர் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவின் பேறுகாலம் பற்றிய பொறிப்பு நல்ல எடுத்துக்காட்டு. 60 நாள் சுழற்சியில் 21-ஆவதான ஜியாஷென் நாளில் கேட்கிறார்கள். "டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது" என்கிறார் அரசர் (டிங், கெங், ஜியா எல்லாம் பத்து நாள் சுழற்சியின் நாள் பெயர்கள்). கேட்டதிலிருந்து 31-ஆம் நாள், ஜியாயின் என்ற ஜியா நாளில் குழந்தை பிறக்கிறது. "நன்றாக இல்லை, பெண்" என்று முடிகிறது. அரசர் நல்லதென்று சொன்ன நாளில் பிறக்காததையும் அப்படியே பொறித்து வைத்திருப்பதால் இந்த எலும்புகள் வரலாற்றுக்கு மிகவும் பயன்படுகின்றன.

உளிமுனை:
31 என்பது கேட்ட நாளையும் சேர்த்த கணக்கு. 60 நாள் சுழற்சியில் ஜியாயின் 51-ஆவது நாள். வெறுமனே கழித்தால் 30 வரும். இன்னொன்று, ஒரே கேள்விக்குப் பல விரிசல் இடுவார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் சின்னதாக வரிசை எண் பொறித்திருக்கும். அதை வாசகத்தோடு சேர்த்துப் படித்தால் பொருள் குழம்பிவிடும்.