எடை குறைச்சா அது நடிப்பாயிடுமா?

அருண்: தனி ஆள் மாட்டிக்கிட்டு உயிர் பிழைக்கற படங்கள்ல, நடிப்புக்கு ஆடுஜீவிதம்தான் முதலிடம். பிருத்விராஜ் 31 கிலோ குறைச்சிருக்கார், பேச்சே இல்ல 🔥

சித்தப்பா: தம்பி, கிலோ டயட் கணக்கு. நடிப்பு வேற கணக்கு.

கவிதா அக்கா: ஆரம்பிச்சுட்டார் 😄

சித்தப்பா: தனித்தீவுல மாட்டிக்கற காஸ்ட் அவேல டாம் ஹாங்க்ஸும்தான் 20 கிலோவுக்கு மேல இறக்கினார். அதுக்காகவே ஷூட்டிங்கை ஒரு வருஷம் நிறுத்தினாங்க, அந்த கேப்ல டைரக்டர் இன்னொரு படமே எடுத்துட்டார். ஆனா நாலு வருஷம் கழிச்சுன்னு வர்ற சீன்ல உடம்பை விடு, கையைப் பாரு. முன்னாடி குச்சியால தண்ணியக் கலக்கிட்டிருந்த ஆள், இப்ப பாறையில நின்னபடி ஒரே வீச்சு. மீன் காலி. அந்த அலட்சியம்தான் நாலு வருஷம்.

அருண்: எடை குறைஞ்சா நடையே மாறும் சித்தப்பா.

கவிதா அக்கா: மாறும், ஆனா கதை வரிசையில எடுத்தாத்தான். வழக்கமா லொக்கேஷன் வாரியா எடுப்பாங்க, கடைசி சீன் முதல் நாளே வந்துடும். தாடி, உதட்டு வெடிப்பு, களைப்பு எல்லாம் சீனுக்கு சீன் பொருந்தாம எகிறும். ரெவனன்ட்டை வரிசையா, இயற்கை வெளிச்சத்துலயே எடுத்தாங்க. கனடாவுல பனி இல்லாம கடைசியில அர்ஜென்டினா போனாங்க. ஆடுஜீவிதம் பாவம், 2020ல கொரோனாவுல ஜோர்டான்ல மாட்டி, 2022லதான் மறுபடி போச்சு.

பெரியம்மா: ரெவனன்ட்டுக்குத்தானே டிகாப்ரியோவுக்கு ஆஸ்கார்?

சித்தப்பா: ஆமா அண்ணி. ஆனா முனகல், உறுமல், எல்லாம் ஒரே சுருதி. 127 ஹவர்ஸ்ல ஜேம்ஸ் ஃப்ராங்கோ பாறையில கை சிக்கி ஒரு அடி நகர முடியாது. வீடியோ கேமரா முன்னாடி ரேடியோ நிகழ்ச்சி மாதிரி தானே கேட்டு தானே பதில் சொல்றார். எங்க போறேன்னு யாருக்கும் சொல்லலங்கிற இடம் வந்ததும் சிரிப்பு அப்படியே முகத்துல காயுது.

அருண்: கை வெட்டுற சீன்ல நான் கண்ணை மூடிட்டேன்

கவிதா அக்கா: கத்தி மொண்ணை, எலும்பை அறுக்காது. அதான் முதல்ல எலும்பை முறிக்கறார், அப்புறம்தான் சதை. நரம்பைத் தொடுறப்ப வலியவே ஒரு ஒலியா குடுத்திருப்பாங்க.

பெரியம்மா: காஸ்ட் அவேல பந்துகிட்ட பேசுவார், இதுல கேமராகிட்ட. அப்படிப் பேச எதுவுமே இல்லாத படம்?

சித்தப்பா: ஆல் இஸ் லாஸ்ட், 2013. நடுக்கடல்ல தனியா ராபர்ட் ரெட்ஃபோர்ட், எழுபதைத் தாண்டின வயசு. ஆரம்பத்துல ஒரு கடிதம், அப்புறம் வசனமே கிட்டத்தட்ட இல்ல. படகு ஓட்டையைப் பதறாம பிசின் தடவி அடைக்கறார். குடிதண்ணி கேன்ல உப்புத்தண்ணி கலந்துட்டதும் கேனை வெட்டறார்: அடியில கடல்தண்ணி, நடுவுல டப்பா, மேல பிளாஸ்டிக் ஷீட். வெயில்ல ஆவியாகி ஷீட்டுக்கு அடியில துளி கட்டி டப்பாவில சொட்டும். எல்லாத்தையும் கையும் கண்ணும்தான் சொல்லுது. இதுக்கு அவருக்கு ஆஸ்கார் நாமினேஷன்கூட குடுக்கல 😤

கவிதா அக்கா: லைஃப் ஆஃப் பைல புலியோட படகுல மாட்டிக்கற சூரஜ் சர்மாவையும் சேருங்க. முதல் படம், தைவான்ல தண்ணித்தொட்டி, புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர். எதிர்ல இல்லாத மிருகத்தோட கண் உயரத்துல பார்வையை நிறுத்தணும். கொஞ்சம் தவறினா புலி பொம்மையாயிடும்.

அருண்: மஞ்சும்மல் பாய்ஸ்?

கவிதா அக்கா: அது கூட்டத்தோட படம்டா. ஸ்ரீநாத் பாசி குழிக்குள்ள, சௌபின் கயித்துல, மீதிப்பேர் மேல. தனி ஆள் படத்தோட சேர்க்காதே.

சித்தப்பா: அருண், மியூட்ல போட்டுப் பாரு. சத்தம் இல்லாமலும் என்ன நினைக்கறார்னு புரிஞ்சா அது நடிப்பு.

அருண்: சரி. ஆடுஜீவிதத்துல தண்ணித்தொட்டியில குளிக்கற சீனை மியூட்ல போடறேன். தாங்குச்சுன்னா நீங்க இங்கயே ஒத்துக்கணும்.

சித்தப்பா: அந்த சீனா? அது தாங்கும்டா 🙄