சமானா தீபகற்பம், பிப்ரவரியில் 3 நாள்: எதை எப்போது?

கேள்வி:
டொமினிக்கன் குடியரசு போகிறோம். பிப்ரவரி நடுவில் சமானாவில் 3 நாள். திமிங்கிலம், லோஸ் ஐட்டீசெஸ் காடு, எல் லிமோன் அருவி மூன்றும் பார்க்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி. அருவிக்குக் குதிரை சரிவருமா? திமிங்கிலத்தோடு நீந்த விடுகிறார்களா?

கரைவலை:
நீந்த விடமாட்டார்கள், சமானா விரிகுடாவுக்குள் தடை. அந்த வகைப் பயணம் வடக்கே நடுக்கடலில், சில்வர் பேங்க் என்ற ஆழமில்லாத கடல்திட்டில்தான்; அனுமதி பெற்ற கப்பலிலேயே தங்கணும். இங்கே பெரிய படகுகள் 50 மீட்டர் தள்ளி நிற்கணும், குட்டி கூட இருந்தால் 80. ஒரு திமிங்கிலக் கூட்டத்தருகே 30 நிமிடம்தான் நிற்கலாம். "கிட்டக் கூட்டிப் போறோம்" என்பவரின் படகில் ஏறாதீர்கள்.

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை இருக்கும், அதனால் தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம். நேரம்தான் முக்கியம். காலைப் படகையே பிடிங்க. மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிடும், விரிகுடா வாயில் படகு ஆடும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடணும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. உட்கார, பின்பக்கம் நடுவில். முன்முனையில் படம் நன்றாக வரும், தூக்கிப் போடுவதும் அங்கேதான். கேமரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும்; அவ்வப்போது அடிவானத்தைப் பாருங்க.

பாறைப்பல்லி:
குதிரை அருவிவரை போகாது. மேலேயே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து செங்குத்தான படிகள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை, அம்மாவுக்கு ஊன்றுகோல் கட்டாயம். பாதை வழுக்குச் சேறு, செருப்பு ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். குதிரையில் போனாலும் பூட்ஸ் போடுங்க. அருவி சுமார் 40 மீட்டர். மேலிருந்து குதிக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள், தண்ணீருக்கு அடியில் பாறை உண்டு. முந்தின இரவு மழை கொட்டியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்க. குதிரைக்காரரிடம் கூலியை முன்பே பேசணும், டிப்ஸ் தனி.

கேள்வி கேட்டவர்:
அப்போ திமிங்கிலமும் ஐட்டீசெஸும் ஒரே நாளில் முடியுமா?

கரைவலை:
முடியும், ஆனால் அம்மாவோடு வேண்டாம். சமானா நகரத்திலிருந்து விரிகுடாவைக் குறுக்கே கடக்கணும். மாலையில் திரும்பினால் எதிர்க்காற்றில் நனைந்துதான் வருவீர்கள். ஐட்டீசெஸுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்க. கடலிலிருந்து எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், சதுப்புநிலக் காட்டுக் கால்வாய்கள், தைனோ என்ற பழங்குடி மக்கள் குகைச் சுவரில் வரைந்த உருவங்கள் எல்லாம் அங்கேதான். சுவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். குகைக்குள் தரை ஈரம், டார்ச் எடுத்துக்கோங்க. கால்வாய்க்குள் நுழையுமுன் கொசு மருந்து. போன், பாஸ்போர்ட்டெல்லாம் தண்ணீர் புகாத பைக்குள்.