ஆப்பிரிக்கப் பாணிக் கைப்பூத்தையல்: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

கசாய்க்கரை எழுதியது:

கூபா துணி என்றால், காங்கோவின் கசாய்ப் பகுதியில் கூபா மக்கள் ராஃபியா என்னும் பனையோலை இழையில் நெய்து பூவேலை செய்யும் துணி என்று இங்கே வருபவர்கள் அறிவார்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கின்ஷாசாவில் குடியிருந்த காலத்தில், கைவினைச் சந்தையில் ஒரு கடையின் பின்புறம், கசாய்ப் பகுதியிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் ராஃபியா துணியில் பூவேலை செய்துகொண்டிருந்தார். துணியில் கோடு இல்லை, புள்ளி இல்லை, பார்த்துச் செய்ய மாதிரியும் பக்கத்தில் இல்லை. ஊசியைத் துணியின் ஓர் இழைக்கு அடியில் நுழைத்து, நூலின் வால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மிஞ்சாதபடி இழுத்து, மறுமுனையைச் சிறு கத்தியால் அதே உயரத்தில் அறுத்துவிடுவார். முடிச்சே கிடையாது. அப்படி அறுத்த நுனிகள் நெருங்கி நின்று வெல்வெட்டாகிவிடுகின்றன.

கருப்பும் காவியுமாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சாய்சதுரங்கள் துணியின் பாதிக்கு மேல் ஒழுங்காக வந்திருந்தன. அந்த இடத்தில் அவர் சற்றும் தயங்காமல் சாய்சதுரத்தைக் கைவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாத கொக்கி வடிவம் ஒன்றைத் தொடங்கினார். ஏன் என்று கடைக்காரர் வழியாகக் கேட்டேன். அது போதும் என்றாராம். அதற்கு மேல் பதில் இல்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. கூபா துணிகளில் வடிவம் பாதி வழியில் திரும்புவது இயல்புதான் என்பதைப் பின்னர் பல துணிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் போதும் என்று அந்தக் கை எந்த இழையில் முடிவுசெய்தது என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மாலை வேளையில் இளைப்பாறலுக்காக நானும் அதே பாணியில் தைக்கிறேன். கட்டங்களை ஓரம்வரை நிரப்பித்தான் எழுந்திருக்க முடிகிறது.

ஊடும்பாவும் எழுதியது:

சகோதரி எழுதியதைப் படித்தேன். முடிச்சு இல்லாமல் நிற்பதில் மாயம் ஒன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஃபியா பனையின் இளம் ஓலையிலிருந்து உரிக்கும் இழையை முறுக்கி நூற்பதில்லை. அதனால் ஓலையின் நீளத்துக்கு மேல் துணி வளராது, நெசவும் இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கமே வெட்டிய நுனியைப் பிடித்து வைக்கிறது. தறியில் நெய்பவர்கள் ஆண்கள், அதன்மேல் வெல்வெட் வேலை செய்பவர்கள் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கூபா சதுரத்தின் முன் நின்றபோது, ஒரு மூலையில் வெல்வெட் தேய்ந்துபோய் அடித்துணி தெரிந்தது. அந்த வெற்றிடத்தில் தையல் போன தடம் மட்டும் வரிவரியாக இருந்தது. அந்தத் தடத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓவியர் மத்தீஸ் இத்தகைய துணிகளைச் சேர்த்துத் தம் பணிக்கூடச் சுவரில் தொங்கவிட்டிருந்தார் என்பது வியப்பில்லை.

வீட்டில் செய்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் குறுக்குத் தையலுக்கு வாங்கித்தருகிற மேட்டி துணியை இதற்கு எடுக்காதீர்கள். அதன் கண்கள் அகலமானவை, பருத்தி நூலோ மென்மையானது, வெட்டிய நுனிகள் முதல் சலவையிலேயே கழன்றுவிடும். நெருக்கமாக நெய்த காடா துணியே நல்லது. ஆறு இழை நூலைப் பிரிக்காமல் முழுதாகக் கோத்து, வட்டச் சட்டத்தில் துணியை மத்தளத் தோல்போல் இழுத்துக்கட்டி, ஒவ்வொரு வரியையும் முன்வரியை ஒட்டியே போடுங்கள். இடைவெளி விட்டால் நுனிகள் ஒன்றையொன்று தாங்காமல் சாய்ந்துவிடும். முடிந்ததும் பின்புறம் ஃபியூசிங் துணியை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிவிட்டால் கவலை இல்லை. வண்ணங்களிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கூபாவில் ஓலையின் இயற்கை நிறமும், மரக்கட்டையை அரைத்து எடுக்கும் துக்குலாச் சிவப்பும், கருப்பும், மஞ்சளுமே பெரும்பாலும் ஆளும். கடையில் கிடைக்கிற எல்லா நிறத்தையும் வாங்கிவந்து, இது ஆப்பிரிக்கப் பாணி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கினிக்கோழி எழுதியது:

மேலே எழுதிய ஐயா கூபாவை வைத்து ஒரு கண்டத்துக்கே நிறம் வகுக்கிறார். அவர் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஷங்கான் பெண்கள் கருந்துணியில் செம்மஞ்சளையும் ஊதாவையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 1989இல் அங்கே தொடங்கிய கரோஸ், 1991இல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே விண்டர்வெல்டில் தொடங்கிய மாபுலா ஆகிய பூத்தையல் அமைப்புகளின் துணிகளைப் பார்த்தவர்களுக்கு நிறக் கட்டுப்பாடு பற்றிய பேச்சு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மரநிழலில் மூன்று பெண்கள் ஒரே மேசைவிரிப்பின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்து கினிக்கோழிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து என் துணியை எடுத்து, நானும் தைப்பவள்தான் என்று காட்டினேன். ஒருவர் அதை வாங்கித் திருப்பிப் பின்புறத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன விலை தருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விற்பதற்கு அல்ல, மன அமைதிக்காகச் செய்கிறேன் என்றேன். அவர் அதை மற்ற இருவருக்கும் தம் மொழியில் சொன்னார். மூவரும் ஒரு கணம் என்னையே பார்த்தார்கள். கேலி செய்யவில்லை. ஒருவர் தலையசைத்துவிட்டுக் கினிக்கோழியின் புள்ளிகளுக்குத் திரும்பிவிட்டார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அவர்களின் முன்னால் மன அமைதி என்று சொன்ன என் குரல் எனக்கே எப்படியோ இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் ஹாம்பர்க் என்னும் சிற்றூர்ப் பெண்கள் தம் வட்டாரத்தின் வரலாற்றை 120 மீட்டர் நீளத்துக்குத் தைத்தார்கள். பிரான்சில் வரலாற்றைத் தையலில் சொல்லும் பழைய பாயூ திரைச்சீலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்த கெய்ஸ்கம்மாப் பூத்தையல் கேப்டவுனில் நாடாளுமன்றத்தில் தொங்கவிடப்பட்டது. எய்ட்ஸ் ஊரையே அழித்துக்கொண்டிருந்த காலத்தில் அதே ஊரார் தைத்த பலிபீடத் திரையும் உண்டு. இவற்றைப் பொழுதுபோக்கு என்று எந்த வாயால் சொல்வது?

எட்டுக்கத்தி எழுதியது:

அம்மா, கூலி வாங்கினால் அமைதி இல்லை, அமைதிக்காகச் செய்தால் அது வேலை இல்லை என்று நீங்கள் இரண்டாகப் பிரிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த உரையாடலில் எல்லாரும் பெண்களைப் பற்றியே எழுதுகிறார்கள் என்பதும் எனக்கு ஒரு குறை.

வடக்கு நைஜீரியாவில் கானோ நகரில் வேலை பார்த்தபோது, பழைய நகருக்குள் ஒரு வீட்டுத் திண்ணை ஓரம் பாய் விரித்து முதியவர் ஒருவர் பாபன் ரிகா என்னும் பேரங்கிக்குக் கைவேலை செய்துகொண்டிருந்தார். ஹவுசா மக்களிடையே இந்தப் பூவேலை ஆண்களின் கலை. குர்ஆன் கற்பிக்கும் அறிஞர்களில் பலர் இதைச் செய்துவந்திருக்கிறார்கள். மார்பில் கூர்நுனிகளாக இறங்கும் எட்டுக்கத்தி வடிவத்தை அவர் தைத்துக்கொண்டிருந்தார். நூலும் வெள்ளை, துணியும் வெள்ளை. சிறுசிறு துளைகளைக் குத்தி அவற்றின் ஓரத்தைச் சுற்றித் தைத்துச் செல்லும் கண்தையல்தான் அதில் பெரும்பகுதி. என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். பாங்கு ஒலித்ததும் ஊசியைத் தொப்பியின் ஓரத்தில் குத்திவிட்டுத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், விட்ட பேச்சையும் விட்ட துளையையும் ஒன்றாகவே தொடர்ந்தார். வாடிக்கையாளர் பணம் தரப்போகும் அங்கிதான் அது. அந்த முகத்தில் இருந்த நிதானம் எனக்கு விடுமுறை நாளில்கூட வாய்த்ததில்லை. பக்கத்துத் தெருவில் தையல் இயந்திரங்கள் அதே வடிவத்தை மிக விரைவாகப் போட்டுக்கொண்டிருந்தன. இன்று பெரும்பாலான அங்கிகள் அவற்றில்தான் தயாராகின்றன.

இழைபிரித்தவள் எழுதியது:

பூத்தையல் என்ற தலைப்புக்குள் இது வருமா என்று தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். ஊசி இருக்கிறது, நூல் சேர்ப்பது மட்டும் இல்லை. நைஜீரியாவின் தெற்கே நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபரி மக்களின் பெலெட்டே பிட்டே துணியைத்தான் சொல்கிறேன். போர்ட் ஹார்கோர்ட்டில் எங்களுக்குப் பழக்கமான குடும்பத்தின் பாட்டி, கட்டம்போட்ட துணியொன்றை மடியில் வைத்து, ஊசிமுனையால் சில இழைகளை மட்டும் தூக்கிச் சவரத்தகட்டால் அறுத்து உருவிக்கொண்டிருந்தார். இழை போன இடங்கள் வலைபோல மெல்லியதாகி, கட்டத்துக்குள் புதிய வடிவம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. கை ஓரிழை தவறினாலும் துணி பாழ்.

அந்தக் கட்டத்துணிக்கு அங்கே இன்ஜிரி என்று பெயர். மெட்ராஸ் கைக்குட்டை என்று நம் கடற்கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய அதே சரக்கு. நான் சென்னைக்காரி என்று தெரிந்ததும் பாட்டி ஒரு பழைய துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, இதை உங்கள் ஊரில் எப்படி உடுத்துவீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவரும் அதை உடுத்தியதில்லை. ஏற்றுமதிக்கென்றே நெய்யப்பட்ட துணி அது. அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கசாய்க்கரை மீண்டும் எழுதியது:

ஊடும்பாவும் ஐயாவுக்கு: மேட்டி துணியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, காடாவில் முயன்று பார்க்கிறேன். ஆனால் பின்புறம் ஃபியூசிங் ஒட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அப்படி ஒட்டினால் துணி அட்டையாக விறைத்துவிடும். கூபா நாட்டில் நெய்த துணியை உரலில் இட்டு இடித்து மென்மையாக்கிய பிறகுதான் அதில் ஊசியையே எடுக்கிறார்கள். நுனி சில கழன்றால் கழலட்டும். அந்த இடத்தை மறுபடி தைப்பதற்கும் எனக்கு மாலைகள் இருக்கின்றன. கினிக்கோழி அம்மாவுக்கும் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்த அந்தப் பெண், தையலைப் பற்றி ஏதேனும் சொன்னாரா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.