தேங்க்ஸ்கிவிங் 1621-ல இருந்தே இப்படித்தானா?

வெட்டிப்பேச்சு:
தேங்க்ஸ்கிவிங்னு, அதான் அவங்களோட நன்றி சொல்ற பண்டிகைக்கு, ஆபீஸ்ல அமெரிக்க டீம் மொத்தமும் லீவு. கேட்டா, 1621-ல கப்பல்ல வந்தவங்களும் அங்கிருந்த பழங்குடிகளும் ஒண்ணா உக்காந்து வான்கோழி சாப்பிட்டாங்க, நானூறு வருஷமா விடாம கொண்டாடுறோம்ங்கிறாங்க. நெஜமாவா, இல்ல நடுவுல யாராச்சும் கிளப்பி விட்டதா?

கரிசக்காட்டான்:
விருந்து நடந்தது உண்மை. கப்பல்ல வந்தவங்க குடியேறின பிளிமத்ல மூணு நாள், அங்கிருந்த வாம்பனோக் பழங்குடித் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 ஆளுங்களோட வந்தாரு, அந்த வாம்பனோக் ஆளுங்களே 5 மான் அடிச்சுக் குடுத்தாங்க. கப்பல்ல வந்து அந்த விருந்துல கூட இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதின லெட்டர்ல பறவை வேட்டைன்னுதான் இருக்கு, வான்கோழின்னு பேரே இல்ல. ஆனா வருஷா வருஷம்லாம் கிடையாது. இன்னிக்கு இருக்கிற லீவுக்கு சாரா ஹேல்னு ஒரு பத்திரிகை எடிட்டரம்மாதான் காரணம், வருஷக்கணக்கா தலையங்கம் எழுதி, கவர்னர் ஜனாதிபதின்னு ஒருத்தர் விடாம லெட்டர் போட்டு நச்சரிச்சு, கடைசில உள்நாட்டுப் போர் நடுவுல 1863-ல லிங்கன் நவம்பர் கடைசி வியாழன்னு அறிவிச்சாரு. அந்த அறிவிப்புல பிளிமத் பேச்சே இல்ல, தேடிப் பாருங்க.

மொட்டமாடி:
அந்தத் தேதியும் நிக்கல ப்ரோ. 1939-ல கடைசி வியாழன் 30-ஆம் தேதி வந்துடுச்சு, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் பத்தலன்னு கடைக்காரங்க புலம்ப, அப்போ ஜனாதிபதியா இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னாடி 23-க்கு நகர்த்திட்டாரு. காலேஜ் ஃபுட்பால் மேட்ச்லாம் ஏற்கனவே பழைய தேதிக்குப் போட்டாச்சு, காலண்டர் அடிச்சாச்சு, ஒரே ரகளை. அவர் பேரையே சேத்து ஃபிராங்க்ஸ்கிவிங்னு கிண்டல் வேற. 1941-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு நாலாவது வியாழன்னு முடிச்சு வச்சாங்க.

வெட்டிப்பேச்சு:
அப்போ 39-ல மாநிலங்கள் என்ன பண்ணாங்க?

மொட்டமாடி:
பாதிப் பேர் பழைய தேதி, பாதிப் பேர் புதுசு. டெக்சாஸும் கொலராடோவும் ரெண்டு நாளும் 😂

கரிசக்காட்டான்:
ஆனா எல்லாரும் கொண்டாடுறதில்ல. 1970-ல, கப்பல் வந்து 350 வருஷம்னு விழா வச்சு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ்னு ஒரு வாம்பனோக்காரரைப் பேசக் கூப்பிட்டாங்க, அவர் எழுதி வச்ச பேச்சைப் பாத்துட்டு இதைப் பேசக்கூடாதுன்னுட்டாங்க. அவரும் மத்தவங்களும் அதே பிளிமத்ல தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கே துக்க நாள் ஆரம்பிச்சாங்க, இன்னும் நடக்குது.

ஓரமாநில்லு:
நியூயார்க்ல முன்னாடி தேங்க்ஸ்கிவிங் அன்னிக்குப் பசங்க கந்தல் துணி, முகமூடி மாட்டிக்கிட்டு வீடு வீடா போய் காசு கேப்பாங்க. பெருசுங்க திட்டித் திட்டியே அது ஓஞ்சுபோச்சு, அப்புறம் அதே கூத்து பேய் வேஷம் போடுற ஹாலோவீன் பண்டிகைக்குப் போயிடுச்சு. அதை யாரும் திட்டக் காணோம்.